மூணாவது கம்பி

போன வாரம் போட்ட படத்தில் என் மடியில் இருந்தது வீணை இல்லை. சாதாரண கிட்டார்தான். மல்லாக்கப் படுக்கப் போட்டிருக்கிறேன், அவ்வளவே. "சார், கிட்டாருக்கு ஏன் இஸ்திரி போடுறீங்க?" என்று பழைய மாணவன் ஒருவன் கேட்டிருந்தான். இப்போது துபாயில் இருக்கிறான். நாலாம் வகுப்பிலும் இப்படித்தான் பேசுவான். அவனுக்கு நாலு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் அடங்கவில்லை. பதிவு நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

பயிற்சிப் பள்ளி விடுதியில் கூடப் படித்த நண்பர் ஒருவர் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். அவரிடம் நாலைந்து கார்டு கற்றுக்கொண்டேன். அதை வைத்தே முப்பது வருஷம் பள்ளி ஆண்டு விழாக்களை ஓட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு ஒழுங்காகக் கற்கலாம் என்று கிட்டாரைத் தூசி தட்டினால், இடது கை மோதிர விரல் மடக்கினால் நிமிரவில்லை. நிமிர்த்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வரும் என்றார் டாக்டர். கிட்டாரில் கம்பியை அழுத்தத்தான் இடது கை. அழுத்த முடியாதவன் என்ன செய்வது?

அப்போதுதான் இந்த மடி கிட்டார் கண்ணில் பட்டது. இதில் விரலால் கம்பியை அழுத்தவே வேண்டாம். கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பிகளைக் கொஞ்சம் உயரத் தூக்கி, அதன்மேல் வழவழப்பான ஒரு இரும்பை வைத்து வழுக்க வேண்டும். வலது கையால் மீட்ட வேண்டும். ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். செய்திக்கு முன்னால் நேரம் மிச்சமிருந்தால் சினிமாப் பாட்டு மெட்டை ஒரு கிட்டாரில் இழுத்து இழுத்துப் போடுவார்களே, அதுதான். ஹவாயன் கிட்டார் என்பார்கள்.

துறையூர் ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி, தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் இடத்தில் மாட்ட ஒரு உலோகத் துண்டு செய்தேன். கம்பிகள் முக்கால் விரல்கடை உயர்ந்தன. இரும்புக்கு எங்கே போவது? பட்டறைக்காரர் ஒரு பழைய பிஸ்டன் பின்னை எடுத்துக் கொடுத்தார். "இதைவிட வழவழப்பா கடையில கெடைக்காது சார்" என்றார். கெரசினில் கழுவி இன்றுவரை அதைத்தான் வைத்திருக்கிறேன்.

கற்றுக்கொள்ள உட்கார்ந்த முதல் மாதம் வெறும் கீச்சுச் சத்தம்தான். இரும்பு ஃபிரெட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், ஒரு நூல் தள்ளினாலும் சுருதி போய்விடும். இரும்புக்குப் பின்னால் மற்ற விரல்களைக் கம்பியில் லேசாகப் படியவிட்டு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கக் கம்பிகளும் சேர்ந்து பேசும். வகுப்பில் கடைசி பெஞ்சு பேசுவதைப் போல. இதெல்லாம் பழகப் பழக வந்தது. ஆனால் எவ்வளவு சரியாக வாசித்தாலும் எல்லாக் கம்பியையும் சேர்த்து மீட்டினால் கரகரவென்று இருந்தது. காரணம் எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. கம்பிகளைக் கட்டியிருந்த சுருதிதான் காரணம்.

சாதாரண கிட்டாரில் தடித்த கம்பியிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று கட்டுவார்கள். விரலுக்கு விரல் வேறு வேறு இடத்தில் அழுத்துகிறவர்களுக்கு அது வசதி. நம்மிடம் இருப்பதோ ஒரே ஒரு நேரான இரும்பு. ஆறு கம்பியையும் ஒரே இடத்தில்தான் தொடும். அதனால் கம்பிகளே தங்களுக்குள் ஒத்துப்போகும்படி மாற்றிக் கட்ட வேண்டும். இதைத் திறந்த சுருதி என்கிறார்கள். ப்ளூஸ் வாசிப்பவர்கள் அதிகம் வைத்துக்கொள்வது இரண்டு. ஒன்று டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. இன்னொன்று டி, ஜி, டி, ஜி, பி, டி.

இங்கிலீஷ் எழுத்தாக வைத்து ஒரு மாதம் மனப்பாடம் செய்தேன், மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி சுரமாக எழுதிப் பார்த்தேன். முதலாவது: ச ப ச க ப ச. இரண்டாவது: ப ச ப ச க ப. அடடா என்றிருந்தது. தம்புராவில் ஒரு காந்தாரத்தைச் சேர்த்தால் அமெரிக்கக்காரன் சுருதி! இரும்பை வைக்காமல் மீட்டினால் சட்ஜம். ஐந்தாவது ஃபிரெட்டில் வைத்தால் எல்லாமே மத்யமத்துக்கு ஏறுகிறது. ஏழாவதில் பஞ்சமம். பன்னிரண்டில் மேல் சட்ஜம். ப்ளூஸ் என்பது பெரும்பாலும் பன்னிரண்டு அளவு கொண்ட ஒரு சுற்று. நாலு சட்ஜத்தில், ரெண்டு மத்யமத்தில், ரெண்டு சட்ஜத்தில், ஒன்று பஞ்சமத்தில், ஒன்று மத்யமத்தில், கடைசி ரெண்டு சட்ஜத்தில். வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே வாசிக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். வீட்டில் சிரித்தார்கள்.

கம்பியைத் தளர்த்துவதும் முறுக்குவதும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. நான் பிறந்தது திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் ஆனோம். 2001இல் அரியலூர் தனியாகப் போனது, 2002இல் திரும்ப வந்து சேர்ந்தது, 2007இல் மறுபடி தனியாகப் போனது. எங்கள் ஊர் செந்துறை பக்கத்து முந்திரிக்காட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது. நான் குடியிருப்பது பெரம்பலூரில், அக்கா இருப்பது அரியலூர் மாவட்டத்தில். சர்வீஸ் ரிஜிஸ்டரில் மட்டும் எத்தனை முத்திரை!

இந்த வாத்தியம் ஹவாய்த் தீவில் உருவானது. ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவன் 1880களின் கடைசியில் கம்பிமேல் இரும்பை வழுக்கிப் பார்த்து, அதையே ஒரு முறையாக ஆக்கினான் என்கிறார்கள். (பள்ளி மாணவன் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.) ஹவாய்க் கலைஞர்கள் உலகம் சுற்றினார்கள். அப்படிச் சுற்றிய டாவ் மோ என்பவர் குடும்பத்தோடு 1940களில் கல்கத்தாவில் தங்கி நிறையப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கிருந்துதான் வங்காளத்திலும் இந்தி சினிமாவிலும் இது வேர் பிடித்தது. பிரிஜ் பூஷன் காப்ரா இதில் இந்துஸ்தானி ராகம் வாசித்தார். விஸ்வமோகன் பட் இன்னும் கம்பிகளைச் சேர்த்து மோகன வீணை என்று பெயர் வைத்தார். ரை கூடர் என்ற அமெரிக்க ஸ்லைடு கிட்டார்க்காரரோடு அவர் வாசித்த ஆல்பத்துக்கு 1994இல் கிராமி விருது கிடைத்தது.

ஆனால் வழுக்கி வாசிப்பதைக் கற்க நாம் ஹவாய் வரை போக வேண்டியதில்லை. கோட்டுவாத்தியம் இருக்கிறதே! ஃபிரெட் இல்லாத வீணை, அதன்மேல் ஒரு கருமரக் கட்டை. திருவிடைமருதூர் சகாராமராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் எல்லாம் அதில் பெரிய வித்வான்கள். பூதலூர் எங்கே இருக்கிறது? திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் ரயிலில் வழியில் வரும் ஊர். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். இத்தனை பக்கத்தில் இருந்தும் அறுபது வயது வரை நான் ஒரு கோட்டுவாத்தியத்தை நேரில் பார்த்ததில்லை. அது எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. அதில் ச, ப, ச என்று கட்டுகிறார்கள், காந்தாரத்துக்கென்று கம்பி கிடையாது. இதைப் படித்தபோது சும்மா படித்துவிட்டுப் போய்விட்டேன். பிறகு வருகிறேன்.

ப்ளூஸுக்கு வருவோம். அடிமை முறை ஒழிந்த பிறகும் பருத்திக் காட்டில் பாதி அடிமையாகவே கிடந்த அமெரிக்கக் கறுப்பு மக்களின் பாட்டு அது. 1903 வாக்கில் மிசிசிப்பியில் டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையத்தில் டபிள்யூ. சி. ஹாண்டி என்ற பேண்டு மாஸ்டர் தாமதமான ரயிலுக்காகக் காத்திருந்து தூங்கிவிட்டாராம். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் கந்தல் உடை போட்ட ஒருவர், கிட்டார் கம்பியில் கத்தியை அழுத்தி வழுக்கியபடி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். அப்படியொரு இசையைத் தான் கேட்டதே இல்லை என்று ஹாண்டி பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். அந்தக் கந்தல்காரரின் பெயர் யாருக்கும் தெரியாது.

இதைப் படித்தபோது எனக்கு அரியலூர் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. 1956 நவம்பர் 23, விடியும் முன் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததும், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததும், லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டதும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அம்மாவுக்கு அப்போது இருபது வயது. யாரோ எவரோ என்று தெரியாத அந்தப் பிணங்களுக்காக ஊர்ப் பெண்கள் சேர்ந்து அழுததைச் சொல்லுவார். அம்மா வெறுமனே அழுகிறவர் இல்லை. ஒப்பாரி வைப்பவர். சுத்துப்பட்டு ஊர்களில் ஒரு சாவு என்றால் அம்மா வந்து உட்கார்ந்தபின்தான் மற்றப் பெண்கள் வாயைத் திறப்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் செத்தவரின் பெயர், பிறந்த ஊர், பெற்ற பிள்ளைகள், உழுத நிலம், குடித்த குடி எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பாட்டில் கோர்ப்பார். ஒரு வரியைச் சொல்லி, ஒரே ஒரு சொல்லை மாற்றி அதே வரியைத் திரும்பச் சொல்லி, மூன்றாவதில் கீழே இறக்கி முடிப்பார். ப்ளூஸிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு வரி, திரும்ப அதே வரி, அப்புறம் பதில் வரி.

யூடியூபில் குருட்டு வில்லி ஜான்சன் என்பவரைக் கேட்ட ராத்திரிதான் இதெல்லாம் தொடங்கியது. டெக்சாஸ்காரர். தெருவில் பக்திப் பாட்டுப் பாடியவர், ப்ளூஸ் பாடகர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். 1927 டிசம்பரில் பதிவு செய்த ஒரு பாட்டில் சொல்லே கிடையாது. மூன்று நிமிஷமும் முனகல். கிட்டார் கம்பி வழுக்கி ஒன்று சொல்ல, அவர் அதையே தொண்டையில் திருப்பிச் சொல்கிறார். 1977இல் வாயேஜர் விண்கலத்தில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் அந்த முனகலும் இருக்கிறது. நம் கேசர்பாய் கேர்கர் பாடியதும் அதே தட்டில்தான் இருக்கிறது. ஜான்சன் வீடு எரிந்து போய், 1945இல் வறுமையில் செத்தார்.

ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்போனில் அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இசை புரிந்ததால் இல்லை. அது அம்மா.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மேலே எழுதினால் இந்தப் பதிவு பொய்.

1994இல் அப்பா இறந்தார். அன்றைக்கு என் பள்ளியிலிருந்து ஆசிரியர்கள், அலுவலகத்துப் பெரியவர் ஒருவர், எல்லோரும் வந்திருந்தார்கள். பந்தலுக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து தொடங்கினார். அப்பா சாராயம் குடித்தது, நாலு வருஷம் கோபித்துக்கொண்டு காட்டுக்கொட்டகையில் கிடந்தது, எல்லாம் பாட்டில் வர ஆரம்பித்தது. நாற்காலியில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. முப்பத்து நாலு வயது, சட்டையில் பேனா குத்திய வாத்தியார். அம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்து, "போதும்மா, படிச்சவங்க வந்திருக்காங்க" என்றேன்.

அம்மா நிறுத்திவிட்டார். அதன் பிறகு வேறு எந்தச் சாவிலும் அவர் வாய் திறந்து நான் கேட்கவில்லை. 2011இல் அவர் இறந்தபோது ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்து யாரோ பாடிய ஒப்பாரியைப் போட்டிருந்தார்கள். அக்கா மட்டும் சத்தமில்லாமல் ஏதோ முணுமுணுத்தது. அம்மாவின் குரல் ஒரு கேசட்டில்கூட இல்லை. வீட்டில் டேப் ரிகார்டர் இருந்தது. என் பாடத்துக்கு மனப்பாடச் செய்யுள் பதிவு செய்ய வாங்கியது.

அதனால் இந்தக் கிட்டாரில் அம்மாவின் இழுப்பைப் பிடித்துப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். ச ப ச க ப ச என்று கட்டி, மேல் சட்ஜத்திலிருந்து இறங்கிப் பார்த்தேன். ஒரு வருஷம் ஆயிற்று. ஏதோ கிட்டத்தட்ட இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா கண் பரிசோதனைக்காகப் பெரம்பலூர் வந்து இரண்டு நாள் தங்கியது. எழுபது வயது. அம்மாவின் பாட்டு முழுக்கத் தெரிந்தவர் இன்றைக்கு அது ஒன்றுதான். மெதுவாகக் கேட்டேன். "அக்கா, அம்மா பாடுமே, அதுல ஒண்ணு பாடேன்."

"வெளக்கு ஏத்துற வூட்ல ஒக்காந்து ஒப்பாரி பாடச் சொல்றியே, புத்தி இருக்கா? யாரு போயிட்டா இப்ப? ஒனக்கு வேணும்னா நான் போனப்பறம் பாடிக்க."

அதோடு பேச்சு முடிந்தது. ராத்திரி நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா கத்தியோடு வந்து வாசல்படியில் நின்றது. கொஞ்ச நேரம் கேட்டது.

"என்னாடா இது, சிரிக்குது?"

எனக்குப் புரியவில்லை. மறுபடி வாசித்தேன். "எழவுக்கு வந்தவ சிரிச்சா எப்படி இருக்கும், அப்படி இருக்கு" என்றது. அப்போதுதான் உறைத்தது. மூணாவது கம்பி. அது அந்தர காந்தாரம். கல்யாண வீட்டுக் காந்தாரம். நான் எந்த இழுப்பு இழுத்தாலும் அடியில் அந்தக் கம்பி சிரித்துக்கொண்டே இருக்கிறது. உடனே கீயைத் திருகி அரைச் சுரம் இறக்கினேன். சாதாரண காந்தாரம். ப்ளூஸில் இப்படியும் கட்டுவார்கள், ஸ்கிப் ஜேம்ஸ் என்பவர் 1931இல் இந்த மாதிரிச் சோகச் சுருதியில் பதிவு செய்த பாட்டுகள் பிரசித்தம். வாசித்துக் காட்டினேன்.

அக்கா தலையை ஆட்டியது. "இப்ப ரொம்ப அழுவுது. சினிமாவுல அழுவுறாப்புல. அம்மா இப்படியா அழுவும்? கணக்குக் கேக்குற மாதிரில்ல கேக்கும். ரெண்டுக்கும் நடுவுல எங்கியோ இருக்குடா." சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டது.

ரெண்டுக்கும் நடுவில். ப்ளூஸ் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பியானோவில் கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் இடையில் விழும் ஒரு காந்தாரம். அதைப் பிடிக்கத்தான் கத்தி, பாட்டில் கழுத்து, இரும்பு என்று கம்பிமேல் வழுக்கினார்கள். அக்கா மூன்றாவதோடு பள்ளியை விட்டது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நடுவில் எங்கே என்று ஒரு இடத்தில் கட்டினால் அதுவும் ஒரே இடத்தில் நின்றுவிடும். அம்மாவின் காந்தாரம் நிற்காது, கீழிருந்து ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்ப விழும். விடியற்காலம் நாலு மணிக்குக் கோட்டுவாத்தியம் ஞாபகம் வந்தது. ச, ப, ச. காந்தாரத்துக்குக் கம்பியே இல்லை! கட்டையால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மூணாவது கம்பியைக் கழற்றி எறிந்தேன். அதையே பஞ்சமத்துக்கு முறுக்கினால் அறுந்துவிடும் என்று பயம். அதனால் இரண்டாவது கம்பியில் ஒன்று உபரியாக இருந்ததை அங்கே மாட்டி, இரண்டையும் ஒரே பஞ்சமமாகக் கட்டினேன். ச ப ச ப ப ச. மீட்டினால் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சும்மா காத்திருக்கிறது. இனிக் காந்தாரம் வேண்டுமென்றால் முதல் கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டுக்கும் நாலாவது ஃபிரெட்டுக்கும் நடுவில் நானே போய்த் தேட வேண்டும். ஒரு விரல்கடை இடம். அதற்குள் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று இந்த எட்டு மாதத்தில் எண்ணி முடியவில்லை.

அக்காவுக்கு வாசித்துக் காட்டலாம் என்றால் ஊருக்குப் போய்விட்டது. சித்திரையில் நானே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். அரியலூரில் பஸ் மாறும்போது சிமெண்டு லாரிகளின் தூசி பெட்டியில் அப்பிக்கொண்டது. ஊரில் முந்திரி பொறுக்கும் நேரம். அக்கா காட்டில் இருந்தது. மோட்டார் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். முந்திரிப் பழ வாடை, ஈ, வெயில். அக்கா பொறுக்குவதை நிறுத்தவில்லை. இரண்டு சுற்று முடிந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தது.

"இப்ப பரவால்ல" என்றது. பிறகு, "அப்பா செத்தன்னிக்கு அம்மாவை ஏன்டா நிறுத்துன?" என்று கேட்டது.

முப்பது வருஷமாக அது கேட்டதில்லை. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "படிச்சவங்க வந்திருந்தாங்கன்னு..." என்று இழுத்தேன்.

"அம்மா அன்னிக்கு ராத்திரி மாட்டுக் கொட்டாயில ஒக்காந்து மிச்சத்தப் பாடி முடிச்சுது. தெரியுமா ஒனக்கு? பாதியில வுட்டா செத்தவனுக்கு வழி கெடைக்காதுன்னு. நான் மட்டுந்தான் கேட்டேன்."

எனக்குத் தெரியாது. அன்று இரவு நான் வந்தவர்களைப் பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அக்கா, "இது கூரை இல்லாத எடந்தான். வா, அந்த மரத்தடிக்கு. போனை அமத்து" என்றது. "பதிவு பண்ணிக்கறேங்க்கா" என்றேன். "அமத்துன்னா அமத்து. மிஷினுக்குப் பாடறதில்ல." அமத்தினேன். அக்கா கீழே உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மாட்டுக் கொட்டாயில் அம்மா பாடிய அந்த மிச்சத்தைப் பாடியது. பத்து நிமிஷம் இருக்கும். நான் வாசிக்கவில்லை. பிஸ்டன் பின்னைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது சூடாகிவிட்டது. பாட்டில் அப்பா வருகிறார், காட்டுக்கொட்டகை வருகிறது, பேனா குத்திய ஒரு மகனும் வருகிறான். அந்த வரியை இங்கே எழுத மாட்டேன்.

முடித்ததும் அக்கா எழுந்து வாய்க்காலில் முகம், கை, கால் கழுவிவிட்டுத் திரும்ப முந்திரி பொறுக்கப் போய்விட்டது.

இப்போது தினமும் காலை ஐந்து மணிக்கு உட்காருகிறேன். கேட்ட பத்து நிமிஷத்தில் மூன்று நிமிஷம் அளவுக்குக் கைக்கு வந்திருக்கிறது. இறங்கும் இடம் வருகிறது. ஏறும் இடத்தில் என் கை அவசரப்படுகிறது, காந்தாரம் பளிச்சென்று விழுந்துவிடுகிறது. நேற்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டு, "வாசிக்கறேன், சரியான்னு சொல்லு" என்றேன். "போன்லயெல்லாம் வேணாம். நேர்ல வா. வர்றப்ப கண்ணு மருந்து தீந்துடுச்சு, அந்தச் சொட்டு மருந்தே வாங்கிட்டு வா" என்றது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

துபாய் தம்பிக்கு: வீட்டில் பழைய கிட்டார் இருந்தால் முயன்று பார். சுருதி மாற்றும்போது முடிந்தவரை கம்பியைத் தளர்த்து, முறுக்காதே. முறுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் மெல்லிய கம்பியாக மாற்றிவிட்டு முறுக்கு. அறுந்தால் முகத்தில் அடிக்கும். எனக்கு அடித்திருக்கிறது.